பழைய புல்லட்டும் ஊர்த்தெருவும்

"பழைய புல்லட் மாதிரி வராதுங்க" என்று சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. டீக்கடையில் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் சொல்கிறார்கள். புறநானூறு நடத்துகிற தமிழ் வாத்தியார்களும் சொல்கிறார்கள். அந்தக் காலத்து இரும்பு, அந்தக் காலத்துக் கனம், அந்தக் காலத்துச் சத்தம். இப்ப வர்றதெல்லாம் தகரம், பிளாஸ்டிக், பொம்மை. 'அந்தக் காலம்' என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் நாம் எங்கே நின்றுகொண்டிருந்தோம்?

முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் வந்தது. ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டதுதான் ஆரம்பம். இங்கிலாந்துக் கம்பெனி 1970களின் தொடக்கத்திலேயே மூடிப்போனது. இங்கே மட்டும் அதே 346 சிசி எஞ்சின், மெக்கானிக்குகள் 'காஸ்ட் அயன்' என்று சொல்கிற அந்த வார்ப்பிரும்பு சிலிண்டரோடு, ஐம்பது வருடத்துக்கும் மேலாக அடிப்படை மாறாமல் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கிக்கரை மிதிப்பதற்கு முன்னால் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். தப்பாக மிதித்தால் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கினவர்கள் அநேகம்.

கனம் உண்மைதான். மட்கார்டு நசுங்கினால் டிங்கரிங் கடையில் தட்டி நேராக்கலாம். சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் போர் போட்டுப் பெரிய பிஸ்டன் மாட்டலாம். அதனால்தான் முப்பது நாற்பது வருடமானாலும் ஓடுகிறது. ஆனால் பாயிண்ட் கருகும். டேப்பட் இளகும். செயின் தளரும். நிறுத்தின இடத்தில் ஆயில் சொட்டியிருக்கும்; சொட்டலைன்னா உள்ளே ஆயிலே இல்லைன்னு அர்த்தம் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். இதெல்லாம் ரகசியமில்லை, அந்த வண்டியைக் கொண்டாடுகிறவர்களே சிரித்துக்கொண்டு சொல்வதுதான். அவர்கள் உறுதி என்று சொல்வது, கெட்டாலும் சரிசெய்ய முடியும் என்பதை. சரி, யார் சரிசெய்தது?

எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் ஒரே ஒரு புல்லட் இருந்தது. பண்ணை வீட்டு வண்டி. கண்மாய்க் கரையில் திரும்பும்போதே காலனிக்குச் சத்தம் கேட்டுவிடும். கட்டிலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கும். பாட்டி அடுப்படியில் இருந்தபடியே "வருது" என்பாள். யார் என்று சொல்ல மாட்டாள். அந்தச் சத்தத்துக்கு ரசிகர்கள் உண்டு என்பதே எனக்குக் காலேஜுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

அந்த வண்டி ஒருநாளும் வழியில் நின்றதில்லை என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு. எப்படி நிற்கும்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் சித்தப்பா போய் அதற்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு வருவார். மதுரையில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் படித்தவர். பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவார். டேப்பட்டைச் சரிபார்த்து, ஒழுகுகிற இடத்துக்கு பேக்கிங் வெட்டிப் போடுவார். வேலை நடப்பது மாட்டுத் தொழுவத்தில். கூலி என்று ஒன்றும் கிடையாது, தீபாவளிக்கு ஒரு வேட்டி. முடிந்ததும் கை கழுவத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஓட்டிப் பார்க்க வேண்டுமே? பண்ணையார் மகன் தெருவில் ஒரு சுற்று ஓட்டி வருவான். சித்தப்பா தொழுவத்து வாசலில் நின்று, வருகிற சத்தத்தை வைத்தே "டைமிங் கொஞ்சம் முன்னாடி நிக்குதுங்கய்யா" என்பார். எஞ்சினின் ஒவ்வொரு போல்ட்டும் அவருடைய கைக்குத் தெரியும். சீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை.

பழைய வண்டியின் உறுதி என்கிறார்களே, அதில் இரும்பு எவ்வளவு, எங்கள் சித்தப்பா எவ்வளவு?

நான் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு இயக்க வேலைக்கு வந்தபோது எனக்கும் ஒரு பழைய வண்டி வாய்த்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஆறு கை மாறி வந்த வண்டியில் குற்றத்தைக் கம்பெனி மேல் போடுவதா, கைகள் மேல் போடுவதா? பக்கத்து ஒன்றியத்தில் ஒரு கிராமம். அங்கே மந்தையைத் தாண்டும்வரை நம் ஆட்கள் சைக்கிளிலோ பைக்கிலோ உட்கார்ந்து போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அதை எதிர்த்து கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தோம். அது சம்பந்தமாகக் காலனியில் கூட்டம். முடியும்போது ராத்திரி ஒன்பதரை. நான் வேண்டுமென்றேதான் ஊர்த்தெரு வழியாக, ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன். சரியாக மந்தைக்கு முன்னால் வண்டி ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

மிதித்தேன். பத்து மிதி, பதினைந்து மிதி. மந்தைத் திண்ணையில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்திரிக்கவில்லை, யாரும் அடிக்க வரவில்லை. கடைசியில் தள்ள ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய? திண்ணையிலிருந்து ஒரு பெரியவர், கோபமே இல்லாமல், பேரனைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி சொன்னார்: "ம். அப்படிப் போகணும்."

பாயிண்ட் கருகினதால்தான் தள்ளுகிறேன் என்று அவரிடம் விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா? மறுநாள் காலனியில் பேச்சு வேறு மாதிரி வந்தது. "தோழரே எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போனாராம்ல." மனுவில் கையெழுத்துப் போட்டிருந்த ரெண்டு பேர் அந்த வாரம் என்னைப் பார்ப்பதையே தவிர்த்தார்கள்.

நம்பகம் என்ற சொல்லுக்கு எனக்கு அன்றைக்கிருந்து அர்த்தம் வேறு. வழியில் நின்றால் பண்ணையாருக்குக் கிடைப்பது நிழலும் மோரும். சரிசெய்ய ஆள் தேடி வரும். நமக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இனி புதுசுக்கு வருவோம். 2008க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன. பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். டேப்பட்டைத் திருக வேண்டிய அவசியம் போனது. கியர் இடது காலுக்கு மாறியது. 2020இல் பிஎஸ்-6 விதி வந்ததும் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். பிறகு 349 சிசி புது எஞ்சின், 2021இல் கிளாசிக்குக்கும் 2023இல் புல்லட்டுக்கும் வந்தது. பொத்தானை அமுக்கினால் கிளம்புகிறது. அதிர்வு குறைவு. சத்தமும் சாதுவாகிவிட்டது, அதில் சிலருக்கு மகா துக்கம்.

கோளாறே இல்லையா? உண்டு. 2021 மே மாதம் இக்னிஷன் காயிலில் குறை என்று 2,36,966 வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்தது. அதே வருட டிசம்பரில் பின்பிரேக் பாகம் ஒன்றுக்காக 26,300 கிளாசிக் வண்டிகள். பழசுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இதைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். பழைய வண்டியில் கருகின பாயிண்டுகளை எந்தக் கம்பெனி எண்ணிச் சொன்னது? அந்தக் கணக்கெல்லாம் சித்தப்பா மாதிரி ஆட்களின் நகக்கண் கரியில் கிடக்கிறது.

புதுசு வந்ததில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துத்தான் அதன் நோயைச் சொல்ல முடிகிறது. ஸ்பேனரும் காதும் போதாது. படிப்பு ஏறாத நம் பையன்களைச் சாதிச் சான்றிதழ் கேட்காமல் சேர்த்துக்கொண்ட ரோட்டோரப் பட்டறைகளுக்கு இப்போது ஆயில் மாற்றுவதும் பஞ்சர் ஒட்டுவதும்தான் மிச்சம். இருந்தாலும் பழசையே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

வண்டி நிற்காமல் ஓடினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரியில் படிக்கிற நம் பையன் ஒருவன் புல்லட்டில் போனான். நீயெல்லாம் இதை ஓட்டலாமா என்று சாதியைச் சொல்லித் திட்டிக் கைகளில் வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேர் கைதானார்கள். அங்கே இரும்பு நல்லாத்தான் இருந்திருக்கும்.

சித்தப்பாவின் பேரன் போன வருடம் தவணையில் ஒரு புது புல்லட் எடுத்தான். சித்தப்பாவுக்கு எழுபதை நெருங்குகிறது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டேங்கைத் தட்டிப் பார்த்தார். குனிந்து எதையோ தேடினார்.

"கிக்கர் எங்கடா?"

"கிக்கர் கிடையாது தாத்தா. பட்டன்தான்."

"பேட்டரி எறங்கிப்போச்சுன்னா?"

"தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு பேட்டரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். பக்கத்து மூடியைத் திறக்க வைத்து, டெர்மினலை விரலால் தடவிப் பார்த்தார். "வாஸ்லின் இருந்தா எடுத்தா" என்றார்.