அப்பாவின் அகராதிக்கு எந்தத் தையல்?

பைண்டு செய்வதைப் பற்றி எழுத எனக்கென்ன யோக்கியதை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு புத்தகத்தைக் கெடுத்தவன் என்ற யோக்கியதைதான்.

என் தந்தையார் கல்லூரி நாளில் வாங்கிய தமிழ் அகராதி என்னுடன் டில்லிக்கு வந்தது. சங்கத்து நண்பர்கள் கை படாத நாளில்லை. முதுகு பிளந்துவிடவே, கடைத்தெருவில் ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். இரண்டே நாளில், "மஜ்பூத்! மஜ்பூத்!" என்று தட்டிக் கொடுத்தார். உறுதிதான். ஓரத்தில் துளையிட்டுத் தடித்த நூலால் பக்கத் தையல் போட்டிருந்தார். ஆனால் அமுக்கிப் பிடித்தால்தான் படிக்கலாம். கையை எடுத்தால் எலிப்பொறிபோல் மூடிக்கொள்ளும். அதுகூடப் போகட்டும். உள் ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதிய குறிப்புகள் தையலுக்குள் போய்விட்டன. 'எங்கள் ஊரில் இதற்கு' என்று தொடங்கிய வரியில் ஊர்ச் சொல்லை மட்டும் காணோம். அப்பா இப்போது இல்லை; யாரைக் கேட்பது?

ஏட்டுச் சுவடிக்கும் துளைதான், கயிறுதான். ஆனால் படிக்கும்போது கயிற்றைத் தளர்த்திக் கொள்ளலாம். நம்முடைய ஜெராக்ஸ் கட்டுகளுக்குப் பக்கத் தையல் போதும்; தனித்தாள்களுக்கு மடிப்பே கிடையாதே! மடித்த தாள்களால் ஆன புத்தகத்துக்கு அது தண்டனை.

நல்லவேளை, அவர் முதுகை வெட்டியிருக்கவில்லை. குளிர்கால விடுமுறையில் தையலைப் பிரித்தேன். 16 பக்கம் கொண்ட பாரங்கள் முழுசாகவே இருந்தன. கிழிந்த மடிப்புகளில் மெல்லிய தாள் ஒட்டினேன். பிறகு எந்தத் தையல்? எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் கையாண்ட சங்கிலித் தையல் என்னை மயக்கியது. புத்தகம் பாய்போல விரியும். ஆனால் கனத்த அகராதியின் பளு முழுவதையும் நூலே சுமக்க வேண்டும். கடைசியில் நாடாத் தையலுக்கு வந்தேன். ஒவ்வொரு பாரத்தையும் மடிப்பின் நடுவே தைத்து, முதுகின் குறுக்கே வைத்த மூன்று பருத்தி நாடாக்களைச் சுற்றி நூலை ஓட்டி, கோடியில் கீழ்ப் பாரத்தோடு முடிச்சுப் போட வேண்டும். பளுவை நாடா வாங்கிக்கொள்ளும். அட்டைக்குப் பிடிப்பும் அதுவே. நூல் மட்டும் மெல்லியதாக இருக்க வேண்டும். 50 பாரம் என்றால் 50 முறை அது முதுகில் படிகிறதல்லவா? முதல் முயற்சியில் என் அகராதி ஆப்புப்போல வீங்கிற்று. அவிழ்த்து மறுபடி தைத்தேன். மைதாப் பசையோ டில்லிக் குளிரில் காய்வேனா என்றது.

இப்போது சங்கத்து மேஜையில் விரித்தால் விரித்தபடி கிடக்கிறது. அப்பாவின் வரியும் வெளிவந்தது. ஊசி துளைத்த இடத்தில் ஓர் எழுத்து மட்டும் இல்லை. அது 'ர'வா, 'ற'வா என்று நானும் என் அறைத் தோழரும் இன்னும் வழக்காடிக் கொண்டிருக்கிறோம்.