குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்

சாமுவேல் அஜாயி க்ரௌதர் குடியிருந்தது லாகோஸ் நகரத்தில். ஆனால் லாகோசுக்கு அவர் பேராயர் அல்ல. 1864 ஜூன் 29 அன்று கேன்டர்பரி பேராலயத்தில் அபிஷேகம் பெற்ற அவர்தான் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர். யொருபா அவருடைய தாய்மொழி. வேதாகமத்தை அந்த மொழிக்குக் கொண்டுவந்த உழைப்பில் பெரும்பங்கு அவருடையது. இருந்தும், யொருபா நாட்டில் நடந்த மிஷன் ஊழியம் அவர் கையில் கொடுக்கப்படவில்லை. அபெயொகுட்டாவில் இருந்த ஹென்றி டவுன்செண்ட் முதலான வெள்ளை மிஷனரிகள் ஒரு கறுப்பருக்குக் கீழே வேலை செய்யத் தயாராக இல்லை. அவரைப் பேராயராக்கியே தீருவது என்று நின்ற, சர்ச் மிஷனரி சொசைட்டியின் (சி.எம்.எஸ்.) செயலர் ஹென்றி வென் கூட அவர்களை மீற முடியாமல் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு வெளியே கிடக்கும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் என்று எல்லை வரைந்து, நைஜர் ஆற்றங்கரையை க்ரௌதருக்குக் கொடுத்தார்கள். இக்போ, நூபே என்று அவர் பிறந்து வளராத மொழிகள் வழங்கும் ஊர்கள் அவை. பல ஆண்டுகள், வியாபாரிகளின் கப்பல் எப்போது ஆற்றில் ஏறுமோ அப்போதுதான் பேராயருக்கும் பயணம். சொந்த வீட்டுத் திண்ணையில் விருந்தாளியாக உட்காரவைக்கப்பட்டவர் மாதிரி.

நானாக இருந்தால் லண்டனுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியே காலம் போயிருக்கும். க்ரௌதர் யொருபா மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். இக்போவில் ஒரு அரிச்சுவடியை 1857 லேயே அச்சிட்டிருந்தார். நூபே மொழியையும் விடவில்லை. அதிகாரம் பற்றி அவர் அதிகம் அலட்டிக்கொள்ளாததற்கு அவர் வந்த வழியும் ஒரு காரணமாக இருக்கலாம். 1821 இல் ஊர் எரிக்கப்பட்டு அடிமையாகப் பிடிபட்டவர். கைமாறிக் கைமாறிப் போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டு, 1822 இல் பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்ட சிறுவர். பிரிந்துபோன தாயை 1846 இல் அபெயொகுட்டாவில் மறுபடி கண்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த ஊரில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்களில் அந்த அம்மாளும் ஒருவர். சாமுவேலின் தாய் என்பதால் அன்னாள் என்று பெயர். இப்படி ஒன்று வாழ்வில் நடந்தவருக்கு, எந்த ஊர் தன் எல்லைக்குள் வருகிறது என்பது சின்ன விஷயமாகத் தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அவரை வெறும் சாந்த சொரூபி ஆக்கிவிடக் கூடாது. வென் 1873 இல் இறந்தார். அதற்குப்பின் வந்த தலைமுறைக்கு க்ரௌதரின் ஊழியர்கள்மேல் சந்தேகம். குற்றச்சாட்டுகள் எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். சிலர் தவறு செய்தவர்கள்தான். ஆனால் 1890 ஆகஸ்டில் ஒனிட்சாவில் கூடிய கமிட்டியில், எண்பதைத் தாண்டிய பேராயரைச் சுற்றி அவருடைய பேரன் வயதுள்ள ஆங்கிலேய இளைஞர்கள் உட்கார்ந்துகொண்டு, அவருடைய குருமார்களை ஒருவர்பின் ஒருவராக இடைநீக்கம் செய்தார்கள். அதில் அவர் மகன், ஆர்ச்டீக்கன் டேன்டிசனும் உண்டு. கிழவர் கத்தவில்லை. எந்தக் குருவையும் இடைநீக்கம் செய்யத் தனக்கு அதிகாரம் உண்டென்று கமிட்டிச் செயலர் சொல்வது பேராயருக்கு ஆச்சரியமாக இருக்கிறது என்பதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளும்படி கேட்டார். பிறகு அந்தக் கமிட்டியிலிருந்து விலகினார்.

ஆச்சரியம் என்றா எழுதச் சொல்வார் ஒரு மனிதர்? முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் சேகரக் கமிட்டி நினைவுக்கு வந்தது.

எங்கள் சேகரத்துக்கு ஒரு பெண் குருவானவர் மாற்றலாகி வந்திருந்தார். தென்னிந்தியத் திருச்சபை பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1976 இல். 2013 இல் நந்தியாலுக்கு ஒரு பெண்மணி பேராயரே ஆகிவிட்டார். சட்டம் பழையதுதான், எங்கள் ஊர் முழங்கால்களுக்குத்தான் பழக்கமில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் சில ஆண்கள் பந்திக்கு எழுந்து வராமல் பெஞ்சிலேயே இருப்பார்கள். பிறகு பக்கத்துச் சேகரத்துக்குப் போய் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டில் படுக்கையில் கிடந்த தாய்மாருக்கு அப்பமும் ரசமும் கொண்டுபோய்க் கொடுத்தது இதே அம்மாதான். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கமிட்டியில் ஒருநாள், திருவிருந்துக்கு வெளியிலிருந்து ஒரு ஐயரை வரவழைக்கலாமே என்று ஒருவர் பேச்செடுத்தார். தலைமை இருக்கையில் இருந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, மினிட்ஸ் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, யார் சொன்னாங்க, என்ன காரணம் சொன்னாங்கன்னு அப்படியே எழுதிக்கிடுங்க. எனக்குச் சம்மதமில்லன்னும் எழுதுங்க." பேசியவருக்குத் தன் பெயர் புத்தகத்தில் ஏறுவதில் விருப்பமில்லை. பேச்சு அதோடு அமுங்கியது. அடுத்த திருவிருந்திலும் அவர் பெஞ்சைவிட்டு எழவில்லை என்பது வேறு விஷயம்.

அழைப்புக்கு உண்மையாயிருப்பது என்றால் வாய்மூடிக்கொண்டு சிலுவை சுமப்பது என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது அது அரைகுறைப் பிரசங்கம் என்றே படுகிறது. க்ரௌதர் 1891 டிசம்பர் 31 அன்று இறந்தார். அவர் இடத்துக்கு ஒரு வெள்ளையரை நியமித்தார்கள். மகன் டேன்டிசன், தகப்பனைப் போல விலகி உட்காரவில்லை. நைஜர் டெல்டா சபைகளைச் சேர்த்துக்கொண்டு, 1892 இல் சி.எம்.எஸ்.ஸின் பிடியிலிருந்து வெளியே வந்தார். ஆங்கிலிக்கன் சபைக்குள்ளேயே, தங்கள் காசில், தங்கள் நிர்வாகத்தில். அதற்கான பேச்சு கிழவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது. தகப்பன் உண்மையுள்ளவர், மகன் கலகக்காரர் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கேன்டர்பரியில் ஆங்கிலிக்கன் சபைத்தலைவர், சபை க்ரௌதருக்கு இழைத்த தவறுக்காக மன்னிப்புக் கேட்டது 2014 இல். அதுவரை டெல்டாக்காரர்கள் காத்திருக்க வேண்டும் என்று யார் சொல்வது?

க்ரௌதருக்கு அடுத்து எனக்கு நினைவு வரும் பெயர் நம் ஊர்ப் பெயர். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்னக்கல் போனார். மிஷனரிகளிடையே எதிர்ப்பு, இந்தியக் கிறிஸ்தவர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1910 இல், எடின்பரோ மிஷனரி மாநாட்டு மேடையில் அவர் மிஷனரிகளின் முகத்துக்கு நேராகவே பேசியிருந்தார். அவர்களுடைய தியாகத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்றார். பேராயர் பதவி தேடிக்கொண்டிருந்த ஒருவர் பேசக்கூடிய பேச்சு அல்ல அது. அரங்கத்தில் பலருக்கு அது பிடிக்கவும் இல்லை. பிறகு தெலுங்கு கிராமங்களில் அவருடைய வேலை விரிந்து, திருமண்டல எல்லையும் விரிந்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள் அவருக்குக் கீழே ஊழியம் செய்தார்கள்.