கொடுத்தவள் எங்கே?

‘தத்து’ என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா, சகோதரிகளே? வடமொழியில் ‘தத்த’ என்றால் ‘கொடுக்கப்பட்ட’ என்று பொருள். தத்துப் பிள்ளை என்றால் கொடுக்கப்பட்ட பிள்ளை. ஆனால் நம் பேச்சு வழக்கில் எல்லாரும் ‘எடுக்கிறவர்கள்’தான். “தத்து எடுத்தார்களாமே, என்ன தங்கமான மனசு!” என்று எடுத்தவர்களை மெச்சுகிறோம். கொடுத்தவள் யார், மனசார்தான் கொடுத்தாளா என்ற விசாரணை மட்டும் நடப்பதில்லை.

பழைய நாளில் இப்படி இல்லை. திருச்சுழிக்குப் போயிருக்கிறீர்களா? அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பஸ் ஏறினால், கரிசல் காட்டையும் கருவேல முள்ளையும் தாண்டிக் குண்டாற்றங்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடும். ரமண மகரிஷி 1879ல் பிறந்த ஊர். அங்கே குடிகொண்டிருக்கும் திருமேனிநாதரைப் பதிகம் பாடிய சுந்தரமூர்த்தி நாயனார் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சுவீகாரப் பிள்ளை! திருநாவலூர்த் தெருவில் சிறு தேர் உருட்டி விளையாடிய குழந்தையைப் பார்த்து, நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசருக்கு ஆசை பொங்கிவிட்டது. அரசர் அல்லவா, தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பெற்றவர்களிடம் போய், நட்பு முறையில் கேட்டு, அவர்கள் கொடுக்க வாங்கிக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். அதே சுந்தரர் பிற்காலத்தில் கோட்புலியார் என்னும் அன்பருடைய இரண்டு பெண்களைத் தம் சொந்தப் பெண்களாக ஏற்றுக்கொண்டார். அங்கேயும் பெற்றவரே முன்னால் நின்று கொடுத்தார்.

எங்கள் சீமை அந்த நாளில் ராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்த சமஸ்தானத்துச் சுவீகாரம் ஒன்று கடல் தாண்டிய கதை வக்கீல் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். ராமசாமி சேதுபதி காலமான பிறகு ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் செய்துகொண்டார். புருஷனுடைய உத்தரவு இல்லாமல் விதவை இப்படிச் செய்யலாமா என்று மதுரைக் கலெக்டரே வழக்காடினார். விவகாரம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தமிழ் நாட்டு வழக்கப்படி புருஷனுடைய பங்காளிகள் சம்மதித்திருந்தால் செல்லும் என்று 1868ல் தீர்ப்பாயிற்று. அப்படி வந்த முத்துராமலிங்க சேதுபதியின் மகன்தான், விவேகானந்தரின் 1893ஆம் வருஷத்துச் சிகாகோ பிரயாணத்துக்குத் துணை நின்ற பாஸ்கர சேதுபதி. கலெக்டர் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

ராஜா வீடானாலும் ஏழை வீடானாலும் சடங்கு ஏறக்குறைய ஒன்றுதான். பெற்றவர்கள் ஒரு பக்கம், வாங்குகிறவர்கள் எதிரே. பிள்ளைக்கு மஞ்சள் நீர் கொடுப்பார்கள். ஊர் பார்த்திருக்கும். பெற்றவள் கண் கலங்கினால் அதையும் ஊர் பார்த்திருக்கும். 1956ல் வந்த இந்து சுவீகாரச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்று வழி திறந்தது. ஹோமம் கட்டாயமில்லை என்றும் சொல்லிவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. குழந்தையை நிஜமாகவே கொடுக்க வேண்டும், நிஜமாகவே வாங்க வேண்டும்.

இவ்வளவையும் நான் புரட்டிப் பார்க்கக் காரணம், அருப்புக்கோட்டையில் இருக்கும் என் சித்தி.

சித்தியின் பெண், அதாவது என் தங்கை, அமெரிக்காவில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பனி கொட்டும் ஊரிலும் சோமவார விரதத்தை விடாத தம்பதி. விடுமுறைக்கு வந்தால் ஜவுளிக்கடைக்குப் போவதற்கு முன்னால் திருச்சுழிக்குத்தான் போவார்கள். இந்தியாவிலிருந்தே ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்து சொன்னதும் உறவுக்காரர்கள் கிளம்பினார்கள் பாருங்கள்! “பங்காளி வீட்டில் பிள்ளை இல்லையா?” என்றார் பெரிய மாமா. “என்ன குலமோ, என்ன கோத்திரமோ!” என்றாள் அத்தை. கடைசியில், நட்சத்திரம் தெரியாத பிள்ளைக்குக் கோயிலில் எப்படி அர்ச்சனை செய்வது என்று ஒரு பெரிய தர்ம சங்கடத்தைக் கிளப்பினார்கள். குருக்களிடமே போய்க் கேட்டோம். “சுவாமி பேருக்கே பண்ணிட்டாப் போச்சு. அவருக்கு மட்டும் ஜாதகமா இருக்கு?” என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டார் அவர்.

சித்தி இந்த ரகளையில் வாயே திறக்கவில்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகு ஒரு நாள் டெலிபோனில் மகளைக் கேட்டாள்:

“ஏத்தா, எல்லாம் சரி. யாரு கையால வாங்கப் போற?”

“ஆபீஸ்லதான் கொடுப்பாங்கம்மா.”

“ஆபீசுக்கு ஏது கை?”

தங்கையிடம் அன்றைக்குப் பதில் இல்லை.

சித்தியின் கேள்வியைப் பட்டிக்காட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. தெய்வ பக்தியுள்ள குடும்பங்கள் குழந்தைக்காகக் கடல் கடந்து போவது இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. கொரியா யுத்தம் 1953ல் ஓய்ந்தபோது அங்கே அநாதைக் குழந்தைகள் ஏராளம். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் ஹாரி ஹோல்ட் என்ற விவசாயி இருந்தார். அவருக்கும் மனைவி பெர்த்தாவுக்கும் சொந்தக் குழந்தைகளே ஆறு பேர். ஏற்கெனவே ஹாரிக்கு மாரடைப்பு வேறு வந்திருந்தது. 1954ல் அந்தக் குழந்தைகளைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இது கர்த்தர் இட்ட கட்டளை என்று இருவரும் எண்ணினார்கள். எட்டுக் குழந்தைகளை எடுத்துக்கொள்வது என்று தீர்மானம். சட்டம் இரண்டுக்கு மேல் இடம் தரவில்லை. அமெரிக்கப் பாராளுமன்றம் இவர்களுக்காகவே தனிச் சட்டம் செய்தது! 1955 அக்டோபரில் ஹாரி எட்டுக் குழந்தைகளோடு வீடு திரும்பினார். பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கும் குழந்தை வேண்டும், எனக்கும் வேண்டும் என்று கடிதங்கள் குவிந்தன. ஹோல்ட் ஒரு ஸ்தாபனமே தொடங்கினார். கொரியாவுக்குப் போகாமலே, பிரதிநிதி ஒருவர் கையெழுத்துப் போட, ஆகாய விமானத்தில் குழந்தை வந்து இறங்கும் ஏற்பாடும் சில வருஷம் நடந்தது. 1961ல் அமெரிக்க சர்க்கார் அதை நிறுத்தியது. ஹாரி 1964ல் கொரியாவிலேயே உயிர் விட்டார்.

அவருடைய மனசைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. எட்டுக் குழந்தைகளுக்குச் சோறும் படுக்கையும் அன்பும் கொடுத்தவர். ஆனால் ஒரு நல்ல மனிதர் திறந்த வழியில் பின்னால் எத்தனையோ பேர் வந்தார்கள். கொரியாவிலிருந்து வெளிநாடு போன குழந்தைகள் 1,40,000க்குக் குறையாது. அவர்கள் வளர்ந்து, பெற்றவளைத் தேடித் திரும்பி வந்தபோதுதான் குட்டு உடைந்தது. தாய் உயிரோடு இருக்க, ‘அநாதை’ என்று எழுதிய காகிதங்கள். ஒரு குழந்தையின் பெயரில் இன்னொரு குழந்தை. 2025 மார்ச்சில் தென் கொரியாவின் உண்மை விசாரணைக் குழு, சர்க்காரே பொறுப்பு என்று சொல்லிவிட்டது.

கொரியா தூர தேசம்தானே என்று பெருமூச்சு விட்டு நகர முடியாதபடி, நம் சென்னையிலேயே ஒன்று நடந்தது. 1990களின் கடைசியில், ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் குழந்தைகள் காணாமல் போயின. 2005ல் போலீஸார் ஒரு கும்பலைப் பிடித்தபோது வெளியான சமாசாரம் இது: திருடிய குழந்தைகளைப் புதுப் பெயர், பொய்ப் பத்திரத்தோடு நெதர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குத் தத்துக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய குடும்பங்கள் என்ன கண்டன? முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டன. ‘தாய் மனமொப்பிக் கொடுத்தாள்’ என்று அதில் எழுதியிருந்தால் நம்பத்தானே செய்வார்கள்? அந்தத் தாயோ இங்கே தெருத் தெருவாய் அலைந்துகொண்டிருந்தாள். அப்படிப் பறிகொடுத்த ஒரு தாயும் தகப்பனும் பல வருஷங்களுக்குப் பிறகு நெதர்லாந்து நீதிமன்றப் படி ஏறினார்கள். பிள்ளை வேண்டிக் கடல் கடந்தவர்கள் கதையை நிறையப் படித்திருக்கிறோம். பறிபோன பிள்ளைக்காகக் கடல் கடந்தவர்கள் கதையும் இருக்கிறது, சகோதரிகளே. அந்தப் பையன்மேல் ஒரு தப்பும் இல்லை. வளர்த்தவள் மேலும் இல்லை. அதனால்தான் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல் 1982ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றே வழக்காயிற்று. நீதிபதி பகவதி 1984ல் அளித்த தீர்ப்பில்தான் வெளிநாட்டுத் தத்துக்குக் கடிவாளம் விழுந்தது. 1990ல் இதற்கென்று மத்திய சர்க்காரில் தனி அமைப்பு ஏற்பட்டது. 2003ல் இந்தியா ஹேக் நகரத்து ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2015ஆம் வருஷத்துச் சட்டம் சொல்வது என்னவென்றால், பெற்றவள் குழந்தையை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மனம் மாறினால் அவள் குழந்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடும்பங்களுக்கு உள்ளூர்க்காரர்களோடு சமமான வரிசை. அந்நியர்களுக்கு அதற்குப் பிறகுதான்.

என் தங்கையும் அந்த வரிசையில் நின்றாள். அமெரிக்காவில் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். சம்பளம் என்ன, வியாதி உண்டா, கோபம் வருமா என்றெல்லாம் கேட்டார்கள். (பெற்றுக்கொள்கிறவர்களை இப்படிக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?) மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்த பிறகு ஒரிஸ்ஸா பக்கத்திலிருந்து, இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தையின் படம் வந்தது. கடைசி உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமோ? கலெக்டர்! 2022லிருந்து அந்த அதிகாரம் அவரிடம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் சுவீகாரம் கூடாது என்று லண்டன் வரை வழக்காடியவரும் ஒரு கலெக்டர்தானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

குழந்தை அருப்புக்கோட்டை வந்த முதல் நாள் “பாணி, பாணி” என்று அழுதது. சித்தி அடுப்படிக்கு ஓடி, கல்லைப் போட்டு, நாலு பணியாரம் சுட்டுக்கொண்டு வந்துவிட்டாள். குழந்தை அதைத் தட்டிவிட்டு இன்னும் பெரிதாக அழுதது. அந்த ஊர்ப் பேச்சில் ‘பாணி’ என்றால் தண்ணீர் என்று மாப்பிள்ளை டெலிபோனில் தேடிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் விளங்கிற்று. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் பணியாரத்தையும் ஒரு கை பார்த்தது.

அன்று ராத்திரி சித்தி கோப்பைக் கொண்டுவரச் சொன்னாள். தங்கை ஒவ்வொரு காகிதமாக எடுத்துத் தமிழில் சொன்னாள். பெற்றவள் பெயரை நமக்குச் சொல்லமாட்டார்கள். அவளே வந்து ஒப்படைத்தாள் என்றும், இரண்டு மாதக் கெடு கழிந்தது என்றும் மட்டும் இருந்தது.

“அந்த ரெண்டு மாசத்துல அவ நெனைச்சிருந்தா வாங்கிட்டுப் போயிருக்கலாமா?”

“போயிருக்கலாம்மா.”

“வரலியா?”

“வரலை.”

சித்தி வெகு நேரம் பேசவில்லை. “ரெண்டு மாசமும் எப்படித் துடிச்சாளோ” என்றாள் பிறகு. மறுநாள் திருச்சுழியில் துணைமாலையம்மன் சந்நிதியில் குழந்தை பெயரைச் சொல்லி அர்ச்சனை முடிந்ததும், தட்டில் இன்னொரு தேங்காயும் ரவிக்கைத் துணியும் இருந்தன. “இது யார் பேருக்கு?” என்றார் குருக்கள். “பேர் தெரியாது சாமி. ஒரு அம்மா” என்றாள் சித்தி. அவரும் மேலே கேட்காமல் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

குழந்தைக்கு இப்போது நாலு வயது. “ஒரு அம்மா கொடுத்தா, இந்த அம்மா வாங்கிக்கிட்டேன்” என்று தங்கை கதை போலச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறாள். ஒளித்து வைத்து ஒரு நாள் குண்டு போடுவதைவிட இதுவே மேல் என்பது என் அபிப்பிராயமும்கூட. கோப்பு அமெரிக்காவில் அவர்கள் சாமி அலமாரியில், விபூதி மடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினெட்டு வயதானால் அவளே தன் பிறப்பு விவரத்தைக் கேட்டு விண்ணப்பம் போடலாம். பெற்றவள் தன் அடையாளத்தைச் சொல்லக் கூடாது என்று கேட்டிருந்தால், அவள் சம்மதமும் வேண்டியிருக்கும்.

போன மாதம் குழந்தை தங்கையைக் கேட்டதாம், அந்த அம்மா பேர் என்ன என்று. “தெரியாது கண்ணு. நீ பெரியவளானதும் ரெண்டு பேரும் போய்த் தேடலாம்” என்றாளாம் இவள்.

“அருப்புக்கோட்டைப் பாட்டியும் வருமா?”

சித்திக்கு வயது 68. இதைக் கேட்டதிலிருந்து முழங்கால் வலி மாத்திரையை ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டு வருகிறாள்.