ஓலையில் ஈரம் இருக்கும்வரை

செட்டிநாட்டில் மே மாதக் காலைப்பொழுது பத்து மணியோடு முடிந்துவிடும். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பழைய வீட்டின் வளவில் நடந்த கோடைக் கலை முகாமை ஏழு மணிக்கே தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஆனால் நேரத்தைத் தீர்மானித்தது பனையோலை. வெயில் ஏறினால் ஓலையின் ஈரம் வற்றி, மடிக்கிற இடத்தில் ஒடியும்.

அங்கே சொல்லிக்கொடுத்தது கொட்டான் பின்னுவது. குருத்தோலையில் முடையும் சின்னக் கூடை. அடி சதுரம், வாய் வட்டம். நகரத்தார் வீட்டு விசேஷங்களில் பொருள் வைத்துக் கொடுப்பதற்கென்று ஒரு காலத்தில் ஆச்சிமாரே இதை வீட்டில் பின்னினார்கள். மணி கோத்து, குரோஷா பின்னலில் உறை போட்டு அழகுபார்த்தார்கள். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்தபிறகு அந்தப் பழக்கம் தேய்ந்துபோயிற்று. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய பண்பாட்டு அறக்கட்டளை, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்தக் கைவேலையை மீட்டது. செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆக, வீட்டுப் பொழுதுபோக்காக இருந்தது இன்று கிராமத்துப் பெண்களின் கூலி வேலை.

இந்த முகாமில் இரண்டு தரப்பும் ஒரே வளவில் உட்கார்ந்திருந்தன. சிறுவயதில் கற்றுக்கொண்டு பாதி மறந்துபோன ஆச்சிகள் ஒருபுறம், அன்றாடம் முடைகிற நடுவயதுப் பெண்கள் மறுபுறம். நடுவில் லீவுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பேரப்பிள்ளைகளும், முடைகிறவர்களின் பிள்ளைகளும். முதலில் ஆச்சிகள் நாற்காலியில்தான் இருந்தார்கள். விளிம்பு மடக்கும் முறை ஒருவருக்கும் நினைவில்லை. முடைகிற பெண்ணிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால் ஒவ்வொருவராகப் பாய்க்கு இறங்கினார்கள்.

ஓலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார வேண்டும். அது கத்தி வேலை, பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை. ஒரு வார் அரை நூல் கூடிவிட்டாலும் கொட்டான் ஒருபக்கம் சாயும். சாயத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஓலையை முக்கிக் காயவைப்பதும் பெரியவர்கள் பொறுப்பு. சிவப்பும் பச்சையும் ஏறிய வார்களைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தபிறகுதான் பிள்ளைகளுக்கு வேலை தொடங்குகிறது.

பேரனுக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஓர் ஆச்சியிடம் முடைகிற அம்மா ஒருவர் சொன்னார்: “பக்கத்துல உக்காருங்க ஆச்சி. எதுத்தாப்புல இருந்தா பிள்ளைக்குக் கை மாறிப்போகும்.” ஆச்சி நகர்ந்தார். வலது கை வலது கைக்கு நேராக வந்ததும் பையனின் குழப்பம் பாதி தீர்ந்தது. ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ இல்லையோ, அந்த அம்மாவுக்கு இது தொழிலறிவு.

அடிப்பகுதி எல்லோருக்கும் எளிது: ஒன்று மேலே, ஒன்று கீழே. மூலை திருப்பும் இடத்தில்தான் தகராறு. தரையில் கிடந்த பின்னலை எழுப்பி நிறுத்தும்போது எந்த வார் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் போகிறது. அவிழ்ப்பார்கள், மறுபடி பின்னுவார்கள், சிணுங்குவார்கள். இங்கே ஆச்சிகள் கெட்டி. பார்வை மங்கியவர்கள்கூடத் தவறிய வாரை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். உறை தைக்கும்போது நிலைமை தலைகீழ்: ஊசியில் நூல் கோத்து, மணியைப் பொறுக்கித் தருவது பிள்ளைகள். இரு தலைமுறை சேர்ந்த முகாம் என்று பல இடங்களில் நடப்பது, தாத்தாவை மேடையேற்றிக் கதை சொல்லவைத்துக் கைதட்டுவதோடு சரி. இங்கே ஒருவர் கை இல்லாமல் மற்றவர் வேலை ஓடாது. அதுவே வித்தியாசம்.

எனக்கு உறுத்தியது கடைசி நாள் கண்காட்சி. பெற்றோர் பார்க்க வருகிறார்கள் என்றதும், முதல்நாள் இரவே பாட்டிகள் பேரப்பிள்ளைகளின் கொட்டான்களை அவிழ்த்துச் சரிசெய்துவிட்டார்கள். மேசையில் எல்லாம் ஒரே சீராக, பிள்ளைகளின் பெயர்ச்சீட்டோடு நின்றன. கோணலாக இருந்தது ஒன்றுதான். “அவ பின்னுனது அப்படியே இருக்கட்டும், நான் தொடமாட்டேன்” என்றார் அந்தச் சிறுமியின் பாட்டி. என்னைக் கேட்டால், அன்று பார்க்கத்தக்க கொட்டான் அது மட்டுமே. கண்காட்சி இல்லாவிட்டால் முகாமுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இடைவேளையில் முடைகிற அம்மாவிடம் கூலியைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் இருந்தால் கொட்டான் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. இங்கே வந்தால் அந்த வருமானம் போகும். அதற்கு ஈடாக நாள் சம்பளம் பேசியிருந்தார்கள். “முன்னாடி வேற ஒரு முகாமுக்குக் கூப்பிட்டாக. பொன்னாடை போத்துனாக, போட்டோ எடுத்தாக. அதுக்கப்புறம் காசு கேக்கக் கூச்சமா இருந்துச்சு” என்றார். ஆச்சி சொல்லிக்கொடுப்பது பேரன்மேல் உள்ள பாசத்தால். இந்த அம்மாவுக்கு அது வேலை. ஒரே பாயில் உட்கார்ந்திருந்தாலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

அடுத்த கோடையில் உங்கள் ஊரில் இப்படியொரு முகாம் நடத்துவதாக இருந்தால், ஓலை, சாயம், சாப்பாடு என்று செலவுப் பட்டியல் போடும்போது சொல்லிக்கொடுப்பவரின் நாள் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள். பொன்னாடை வாங்கும் காசையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.