606 டாலர் 17 சென்ட்!

சியாட்டில் நகருக்குப் போகிறவர்கள் பார்ப்பதற்கென்று ஒரு லிஸ்ட் இருக்கிறது. ஸ்பேஸ் நீடில் கோபுரம், வியாபாரிகள் மீனைப் பந்து மாதிரி தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பைக் ப்ளேஸ் மார்க்கெட், அப்புறம் மழை. 2019-ல் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்றையும் முதல் இரண்டு நாளில் முடித்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை, "லியரி வேன்னு ஒரு ரோடு. அதில் முக்கோண வடிவத்தில் ஒரு கட்டடம். அதைப் பார்க்கணும்" என்றேன்.

மாமா (அக்காவின் கணவர். கம்ப்யூட்டர் உத்தியோகம்) என்னைக் கவலையோடு பார்த்தார். "அங்கே என்ன மாப்ளே இருக்கு? கோயிலா?"

"இல்லே மாமா. பழைய ரிக்கார்டிங் ஸ்டுடியோ. நிர்வாணான்னு ஒரு ராக் கோஷ்டி..."

"என்னது, நிர்வாணமா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு 40-ஆம் நம்பர் பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.

வழியில் ஃப்ரீமான்ட் என்ற இடத்தில் நீலமும் ஆரஞ்சுமாய் ஒரு பாலம். மணி அடித்தது. பஸ் நின்றது. பாலம் இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்த்து எழுந்தது. எதற்கு? கீழே ஒரே ஒரு பாய்மரப் படகு! அது ஆடி அசைந்து போகும்வரை இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாய்க் காத்திருந்தன. ஒருத்தர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. நம்மூராக இருந்தால் அந்தப் படகுக்காரரின் பரம்பரையையே விசாரித்திருப்போம்.

பாலத்தைத் தாண்டினால் பட்டறைகள், கிடங்குகள். நடுவில், இரண்டு சாலைகள் சாய்வாகச் சேரும் மூலையில், வெட்டிய கேக் துண்டு மாதிரி ஒரு சின்னக் கட்டடம். எண்பதுகளின் பிற்பாதியில் இதுதான் 'ரெசிப்ரோகல் ரிக்கார்டிங்'. உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டிய கோஷ்டி முதல் ஆல்பத்துக்குத் தயாரானது இங்கேதான். நினைவுக் கல்வெட்டு எதுவும் என் கண்ணில் படவில்லை. நாலு புறமும் சுற்றி வந்தேன் (நாலு எங்கே, மூணுதான்).

நான் பி.காம். பாட்டு கேட்டாலும் பட்ஜெட்தான் முதலில் ஞாபகம் வரும். இந்தக் கோஷ்டியின் கணக்கு எனக்கு மனப்பாடம். 1988 ஜனவரியில் முதல் தடவையாக வந்து, ஒரே மத்தியானத்தில் பத்துப் பாட்டு பதிவு செய்தார்கள். செலவு 152 டாலர் 44 சென்ட். பாடகர் கர்ட் கோபேன் துப்புரவு வேலை பார்த்துச் சேர்த்த காசு அது. ஸப் பாப் என்ற உள்ளூர்க் கம்பெனி அவர்களைக் கவனித்தது. அந்தக் கம்பெனியே அப்போது பிறந்த குழந்தை. நவம்பரில் ஆயிரம் பிரதி மட்டும் போட்டு ஒரு சிங்கிள் வெளியிட்டது. அடுத்தது முழு ஆல்பம்.

1988 டிசம்பரிலும் 1989 ஜனவரியிலுமாக மொத்தம் முப்பது மணி நேரம். எட்டு ட்ராக் டேப். பதிவு செய்தவர் ஜாக் எண்டினோ. பில்: 606 டாலர் 17 சென்ட். மணிக்கு இருபது டாலர் சொச்சம். அந்தப் பதினேழு சென்ட்டை 'ரவுண்ட்' பண்ணாமல் விட்டார்களே, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு! அன்றைய மதிப்பில் நம்மூர்ப் பணம் ஒன்பதாயிரம் ரூபாய் இருக்கும். கோஷ்டியிடம் அதுவும் இல்லை.

பணம் போட்டவர் ஜேஸன் எவர்மன் என்ற இளைஞர். அலாஸ்காவில் மீன்பிடிப் படகில் உழைத்துச் சம்பாதித்தது. அந்த ஆல்பத்தில் அவர் ஒரு தந்தியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் உறையில் 'கிடார்: ஜேஸன் எவர்மன்' என்று அச்சடித்தார்கள். அட்டைப் படத்திலும் இருக்கிறார். அப்புறம் நிஜமாகவே இரண்டாவது கிடாரிஸ்ட்டாகச் சேர்த்துக் கொண்டார்கள்.

சரி, பதிவாகிவிட்டது, வெளியிட வேண்டியதுதானே? அங்கேதான் சோதனை. கம்பெனி முதலாளி ப்ரூஸ் பேவிட், பாட்டுகளின் வரிசையையே மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். பிறகு கம்பெனியில் பணம் இல்லை. சில மாதம் தள்ளிப் போனது. முதலில் வைத்திருந்த பெயரும் மாறியது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில், ஊசியால் எய்ட்ஸ் பரவாமலிருக்க ப்ளீச் போட்டுக் கழுவுங்கள் என்ற போஸ்டரைப் பார்த்து 'ப்ளீச்' என்று வைத்தார்கள். 1989 ஜூன் 15-ல் ஆல்பம் வந்தது. முதலில் வெள்ளை நிறத் தட்டில் ஆயிரம் பிரதி. அடுத்த மாதமே எவர்மனுக்கும் கோஷ்டிக்கும் ஒத்துவராமல் பிரிந்தார்கள். அந்த அறுநூறு டாலரைத் திருப்பித் தரவில்லை என்று கோஷ்டிக்காரர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். 1991-ல் அடுத்த ஆல்பம் வெடித்தபோது 'ப்ளீச்'சும் லட்சக்கணக்கில் விற்றது. கோபேன் 1994-ல், 27 வயதில் போய்ச் சேர்ந்தார். எவர்மன் ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தான், இராக் எல்லாம் பார்த்துவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து 2013-ல் பட்டம் வாங்கினார்.

தூறல் ஆரம்பித்தது. நான் அந்தக் கேக் துண்டின் முனையில் ஒதுங்கி நின்றேன். வேறு ஒரு கணக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

திருச்சியில் காலேஜ் படித்தபோது எங்களுக்கும் ஒரு கோஷ்டி உண்டு. இரண்டு கிடார், ஒரு ட்ரம்ஸ். எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாததால் பொருளாளர். சென்னைக்குப் போய் நாலு பாட்டு பதிவு செய்து, நூறு ஸி.டி. போட ஆசை. ஒன்பதாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. கூடவே சுற்றும் நண்பன் ஒருவன் இருந்தான். 'ஜால்ரா' என்று கூப்பிடுவோம். நாங்கள் எதை வாசித்தாலும் கைதட்டுவான் பாவம். "எடுத்துக்கங்கடா, அப்புறம் குடுங்க" என்று தன் டி.வி.எஸ். 50-ஐ விற்றுப் பணம் கொடுத்தான்.

ஸி.டி. அட்டையில் புரபசர் பெயர் போட்டோம். டீ வாங்கி வந்த பையன் பெயர்கூடப் போட்டோம். அவன் பெயர் விட்டுப் போச்சு. 'விட்டுப் போச்சு' என்ன, அட்டைக்கு மேட்டர் எழுதியது நான்தான். வரவு செலவு எழுதியதும் நான்தான். 'இதர வரவு ரூ.9,000' என்று எழுதினேன். கடன் என்று எழுதினால் திருப்பிக் கொடுக்கணுமே! பி.காமில் முதல் வகுப்பு வாங்கியவன் தெரிந்தே செய்த ஒரே தப்பு அது. விற்றது முப்பத்தோரு ஸி.டி. கோஷ்டி கலைந்தது. நண்பனும் மெல்ல நழுவிப் போனான்.

நிர்வாணாக்காரர்களும் பணத்தைக் கொடுக்கவில்லைதான். ஆனால், பெயரைக் கொடுத்தார்கள். நாங்கள் இரண்டையும் கொடுக்கவில்லை.

ஊர் திரும்பும்போது சியாட்டில் ஏர்போர்ட்டிலேயே ஸப் பாப் கடை இருந்தது. பணமில்லாமல் ஆல்பத்தைத் தள்ளிப்போட்ட அதே கம்பெனிதான்! ஒரு 'ப்ளீச்' வாங்கினேன். விமானத்தில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நாலு பேரிடம் விசாரித்து நம்பர் பிடித்தேன். திண்டுக்கல் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான்.

"டேய், உனக்கு ஒன்பதாயிரம் தரணும்டா..."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வட்டி போட்டியா? நீதானே பி.காம்!" என்று சிரித்தான். அப்புறம் மெதுவாக, "பணம் கிடக்கட்டும். அந்த ஸி.டி. ஒண்ணு இருக்குமா? எங்கிட்ட ஒண்ணுகூட இல்லே. நானும் ஒரு பாண்டில் இருந்தேன்னா என் பொண்ணு நம்ப மாட்டேங்கிறா" என்றான்.

வட்டியோடு பணம் அனுப்பினேன். பரணில் ஏறி, எலி கடிக்காத ஒரே ஸி.டி.யைத் தேடி எடுத்தேன். அட்டையின் கடைசி வரிக்குக் கீழே, பேனாவால், அழகாக அவன் முழுப் பெயரையும் எழுதினேன்.

பக்கத்திலே 'கிடார்' என்று போட்டிருக்கிறேன். யாரும் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்!