தடையாணையும் குழாயடியும்

சட்டம் பயில்வோர் எழுத வேண்டியதை இயற்பியல் இரண்டாமாண்டு மாணவன் எழுதுவதா என்று நண்பர்கள் நகைக்கலாம். யானைக்கவுனியில் எங்கள் ஒண்டுக் குடித்தனத்தின் பின்சந்தில் எழும்பிய ஒரு சுவர்தான் எனக்கு இப்பாடத்தைக் கற்பித்தது.

எட்டுக் குடும்பங்களும் குழாயடிக்கும் கழிப்பறைக்கும் அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். 2023-இல் வீட்டுக்காரர் அதை அடைக்கத் தொடங்கினார். எல்லோரும் பணம் போட்டு வழக்குத் தொடுத்தோம். இடைக்காலத் தடையாணை கிடைத்தது. சுவர் அப்போது இடுப்பளவு. "ஸ்டே வாங்கியாச்சு" என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். அடுத்த ஞாயிறன்று, நீதிமன்றம் பூட்டிக் கிடக்கையில், சுவர் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது.

ஆணையின் நகலோடு காவல் நிலையத்துக்கு ஓடினேன். "இது சிவில் மேட்டர் தம்பி, கோர்ட்டுக்கே போ" என்றார்கள். முத்திரை குத்திய காகிதம் கையில் இருக்க, அம்மா தெருவைச் சுற்றிக் குடம் சுமந்தாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆணை தானாக நடக்காது, மீறப்பட்டால் நாமேதான் மறுபடி மனுப் போட வேண்டும் என்றார் வக்கீல். ஆணையை அறிந்தே எதிரி மீறினார் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டுமாம். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையை நல்லவேளையாக என் கணக்குப் புத்தகத்துள் வைத்திருந்தேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 2ஏ, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. அதன்படி மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். மூன்று மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன். "அவர ஜெயில்ல போட்டா செவுரு தானா வுழுந்துடுமா? வாடகைய யார் கையில குடுக்கறது?" என்றாள்.

வக்கீலும் அதையேதான் எண்ணியிருந்தார் போலும். சுவரை அகற்றக் காவல்துறை உதவி கோரி, பிரிவு 151-இன் கீழ் இன்னொரு மனுவும் தாக்கல் செய்தார். தடையை மீறிச் செய்த தவற்றைச் சரிசெய்வது நீதிமன்றத்தின் கடமை என்று, செஞ்சுரி மாவு ஆலை வழக்கில் 1975-இலேயே சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

ஐந்து மாதம் அலைந்தோம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை வழியே நடந்தே போய் வருவோம். செய்முறை வகுப்புகள் பல போயின. ஒருநாள் காலை அமீனாவும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். கடப்பாரை விழுந்த ஓசைக்கு எட்டு வீட்டாரும் சந்தில் கூடிவிட்டோம். புழுதி அடங்குமுன் அம்மா குடத்தோடு போய்விட்டாள்.

தண்டனை மனுவுக்கு இன்னும் வாய்தா விழுந்துகொண்டிருக்கிறது. மாதம் ஐந்தாம் தேதி அப்பா வாடகையைக் கொடுத்து ரசீது கேட்கிறார். வீட்டுக்காரரும் முகம் பாராமல் எழுதிக் கொடுக்கிறார்.