கிழிஞ்சது போங்க!

ஆணி ஜாஸ்தி மக்கா, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. இன்னிக்கு நான் பல்பு வாங்கின கதை.

போன ஞாயித்துக்கிழமை தேர்வாய் கண்டிகைல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மிச்செலின் டயர் ஃபேக்டரி இருக்கே, அதே சிப்காட்ல வேற ஒரு கம்பெனியில சித்தி பையன் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். நாலு மாசம் ஓவர்டைம் பார்த்து 18 ஆயிரம் சேர்த்து வச்சிருந்தான். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கவாம். காரணம், அடியேன்!

"அண்ணே, கேம்ல சட்டுனு திரும்பினா படம் குறுக்கால கிழியுது"ன்னு முன்னாடி போன் பண்ணியிருந்தான். ஸ்கிரீன்ஷாட் கேட்டேன், அனுப்பினான். அதுல கிழிசலே இல்ல. இருந்தும் "கார்டு போச்சுடா, மாத்திடு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். பொட்டி தட்டுற திமிர்.

நேர்ல பார்த்தா கார்டு கல்லு மாதிரி இருக்கு. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். அதாவது செகண்டுக்கு 75 தடவை மேலேர்ந்து கீழ வரி வரியா படம் வரையும். ஒரு ரவுண்டுக்கு 13.3 மில்லி செகண்ட். கார்டோ செகண்டுக்கு 140 படம் தள்ளுது. மானிட்டர் பாதி வரையறப்பவே அடுத்த படம் வந்து உக்காந்துக்குது. மேல பழசு, கீழ புதுசு, நடுவுல கிழிசல்.

"ஏ ஷிப்ட் ஆளு பீஸைப் பாதியில வச்சிருக்கும்போதே பி ஷிப்ட் ஆளு மிஷினைப் பிடுங்கினா என்னாகும்?"னு கேட்டேன்.

"பீஸ் ரிஜெக்ட்டுண்ணே."

"அதான். வி-சிங்க் போட்டா சைரன் அடிச்சப்புறம்தான் ஆள் மாறுவான்."

கடைசி வரி முடிஞ்சு மறுபடி மேல ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல இருக்கிற இடைவெளிதான் அந்த சைரன். பழைய குண்டு டிவியில எலக்ட்ரான் கதிர் கீழேர்ந்து மேல திரும்ப எடுத்துக்கிட்ட நேரம் அது. குண்டு டிவி போயிடுச்சு, அந்த இடைவெளி மட்டும் இன்னும் இருக்கு.

வி-சிங்க் போட்டோம். கிழிசல் போச்சு. பத்தே நிமிஷம், பையன் மூஞ்சி சுருங்கிடுச்சு. "மவுஸ் ஜவ்வு மாதிரி இழுக்குதுண்ணே, சுடறதுக்குள்ள செத்துடறேன்."

நியாயம்தான். ரெடியான படமும் சைரனுக்காக நிக்கணுமே! கார்டு திணறி ஒரு சைரனைத் தவறவிட்டா அடுத்ததுக்குக் காத்திருக்கணும். ரெண்டே பஃபர் இருந்தா 75 நேரா 37.5 ஆகிடும். கதை சொல்ற கேமுக்கு வி-சிங்க் ஓகே, சுடற கேமுக்கு ஆகாது.

அப்பதான் மானிட்டர் ஓரத்துல ஸ்டிக்கர் கண்ணுல பட்டுது: ஃப்ரீசிங்க். 2015ல இந்த வசதியோட மானிட்டருங்க சந்தைக்கு வந்துச்சு. இதுல மானிட்டரே படத்துக்காகக் காத்திருக்கும். இவன் மானிட்டர்ல 48லேர்ந்து 75 வரைக்கும்தான் அந்த வித்தை. கார்டும் ஏஎம்டிதான். மெனுவுலயும் டிரைவர்லயும் அதை ஆன் பண்ணி, வி-சிங்கை எடுத்துட்டு, கேமை 70க்கு மேல போகாம கட்டிப் போட்டோம். கிழிசலும் இல்ல, ஜவ்வும் இல்ல. செலவு பூஜ்யம்.

பஸ்ல திரும்பி வரும்போதுதான் உறைச்சுது. ஸ்கிரீன்ஷாட் கார்டு போட்டு முடிச்ச படம். அது சுத்தமா இருந்துச்சுன்னா கார்டு நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். பதில் என் கையிலயே இருந்திருக்கு. அவன் நாலு மாசத் தூக்கத்துக்கு நான் யோசிச்சது அரை நிமிஷம்.

டிஸ்கி: இனிமே போன்ல தீர்ப்பு கிடையாது. சித்தி வச்ச மீன்குழம்புக்காகவாவது நேர்ல வந்துடறேன்.